காற்றைவிடக் கனமான வாயு ஓசோனை எட்டியது எப்படி? ஓட்டை தென்துருவத்தில் விழுந்தது ஏன்?

கேள்வி இதுதான்: “ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் அடைத்த சி.எஃப்.சி. வாயு காற்றைப் போல் நான்கு மடங்கு கனம் என்கிறார்கள். கசிந்தால் தரையில்தானே படிய வேண்டும்? அது 20, 30 கிலோமீட்டர் உயரம் ஏறி ஓசோனை அழித்தது என்பதை எப்படி நம்புவது? அதுவும் ஃபிரிட்ஜுக்கே வேலையில்லாத அண்டார்க்டிகாவில் போய் ஏன் ஓட்டை விழ வேண்டும்?”

குளிர்சாதனப் பழுதுபார்ப்புப் பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வியைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். கேட்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. “ஃபிரிட்ஜ் வாயு ஓசோனில் ஓட்டை போட்டது” என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்களைவிட அவர்கள் ஒருபடி மேலே யோசிக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கனம். சி.எஃப்.சி. என்பது குளோரோஃப்ளூரோகார்பன்; குளோரின், ஃப்ளூரின், கார்பன் சேர்ந்த வாயுக் குடும்பம். அதில் ஆர்-12 எனப்படும் டைகுளோரோடைஃப்ளூரோமீத்தேனின் மூலக்கூறு எடை 121. காற்றின் சராசரி 29. கணக்கு சரிதான். அடைத்த அறையில் ஒரு சிலிண்டர் கசிந்தால் வாயு தரையோடு பரவத்தான் செய்யும். நிலத்தடி அறைகளில் வேலை செய்யும் மெக்கானிக்குகளுக்கு மூச்சுத் திணறுவது அதனால்தான். ஆனால் அறைக்கு வெளியே வந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. காற்று ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. டவராவுக்கும் டம்ளருக்கும் மாறி மாறி ஆற்றிய காபியில் பால் மேலே, டிகாக்‌ஷன் கீழே என்று பிரிந்து நிற்குமா? தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரம் வரை வாயுக்களின் கலவையைத் தீர்மானிப்பது காற்றின் கலக்கல். எடை அங்கே எடுபடுவதில்லை. ஆர்கான் வாயுவின் எடை 40. அது நாம் மூச்சு விடும் காற்றிலும் 0.93 சதவீதம், விமானம் பறக்கும் உயரத்திலும் 0.93 சதவீதம். கனத்தால் பிரிவதாக இருந்தால் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் தரையில் தேங்கி நம்மை எப்போதோ மூச்சடைக்கச் செய்திருக்கும். இதை ஊகமாகவும் விட்டுவிடவில்லை. 1975லேயே பலூன்களில் கருவிகளை ஏற்றி, மேல்வானில் சி.எஃப்.சி. இருப்பதை நேரடியாக அளந்துவிட்டார்கள்.

ஆகவே மேலே போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எல்லா வாயுவும் போகும். போகிற வழியில் அழியாமல் தப்பித்ததுதான் அதிசயம். அதற்கு அந்த வாயுவின் பிறப்பைப் பார்க்க வேண்டும்.

1920களில் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓடியவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. மூன்றுமே கொடியவை. வீட்டுக்குள் கசிந்து உயிர்கள் போயின. அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக தாமஸ் மிட்ஜ்லி என்பவர் 1928இல் சி.எஃப்.சி. என்ற மாற்றைக் கண்டுபிடித்தார். 1930இல் அமெரிக்க வேதியியலாளர்கள் கூடிய சபையில் அந்த வாயுவைத் தன் நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீப்பற்றாது என்று ஒரே மூச்சில் நிரூபித்தாயிற்று. அன்றைய அறிவுக்கு அது உண்மையிலேயே உயிர்காக்கும் பொருள். மிட்ஜ்லியைக் கொலைகாரனாகச் சித்திரிக்கும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. பெட்ரோலில் ஈயம் கலந்ததற்காக அவரைத் திட்டலாம். அதன் நச்சு அப்போதே தெரிந்திருந்தது. சி.எஃப்.சி.யின் தீங்கு அன்று எவருக்கும் தெரியாது.

எதனோடும் வினைபுரியாத பொருளுக்குக் காற்றிலும் சாவில்லை. நாம் வெளியே விடும் பெரும்பாலான வாயுக்களை மழை கரைத்து இறக்கிவிடும், அல்லது காற்றில் உள்ள ஹைட்ராக்சில் என்னும் துடிப்பான மூலக்கூறு கடித்துத் துப்பிவிடும். சி.எஃப்.சி. நீரில் கரையாது; ஹைட்ராக்சிலுக்கும் மசியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்-11இன் சராசரி ஆயுள் சுமார் 50 ஆண்டு, ஆர்-12க்கு சுமார் 100 ஆண்டு. “கடல் உப்பிலும் எரிமலைப் புகையிலும் இல்லாத குளோரினா?” என்று வாதாடுவோர் இன்றும் உண்டு. அந்தக் குளோரின் பெரும்பாலும் நீரில் கரையும் வடிவில் இருப்பதால் மழையோடு இறங்கிவிடுகிறது. இதற்கு அசைக்க முடியாத சான்று ஒன்று உண்டு. சி.எஃப்.சி. மேலே உடையும்போது குளோரினோடு ஃப்ளூரினும் வெளியேறி ஹைட்ரஜன் ஃப்ளூரைடாக மாறும். மேல்வானில் அந்தப் பொருளுக்கு இயற்கையான மூலம் சொல்லத்தக்க அளவில் இல்லை. 1991இல் ஏவிய ஆய்வுச் செயற்கைக்கோள் அங்கே ஹைட்ரஜன் ஃப்ளூரைடைக் கண்டது; அதன் அளவு, நாம் விட்ட சி.எஃப்.சி.யின் கணக்கோடு பொருந்தியது.

1971இல் ஜேம்ஸ் லவ்லாக் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, தானே வடிவமைத்த கருவியோடு ஷாக்கிள்டன் என்ற ஆய்வுக் கப்பலில் பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா நோக்கிப் போனார். வழி நெடுக, தொழிற்சாலையே இல்லாத நடுக்கடலிலும், ஆர்-11 அகப்பட்டது. அளவு மிக அற்பம்: ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகளில் சில பத்து. அதனால் ஆபத்து எதுவும் இல்லை என்றே அவரும் எழுதினார். ஆனால் அந்த எண்ணைக் கேள்விப்பட்ட கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷெர்வுட் ரோலண்ட் வேறு விதமாக யோசித்தார். இதுவரை உற்பத்தியான அத்தனையும் அநேகமாகக் காற்றிலேயே இருக்கிறதே, இது கடைசியில் எங்கே போய் முடியும்? 1973இன் இறுதியில் அவரிடம் ஆய்வுக்கு வந்து சேர்ந்த மெக்சிகோ இளைஞர் மரியோ மொலீனாவின் கையில் இந்தக் கேள்வி வந்தது. சில மாதங்களில் விடை கிடைத்தது. 1974 ஜூனில் நேச்சர் இதழில் கட்டுரை வெளியானது.

விடையைக் கண்ணால் பார்க்க எங்கள் தொழிலில் ஒரு பழைய கருவி உண்டு: ஹாலைடு டார்ச். சிறிய கேஸ் விளக்கு. அதன் சுடரில் ஒரு செப்புத் தகடு சிவக்கக் காய்ந்துகொண்டிருக்கும். விளக்குக்குக் காற்று போகும் ரப்பர் குழாயின் முனையைக் கம்ப்ரசரின் இணைப்புகள்மேல் மெல்ல நகர்த்துவோம். கசிவு இல்லாத இடத்தில் சுடர் நீலமாக இருக்கும். ஆர்-12 அல்லது ஆர்-22 கொஞ்சம் கசிந்தாலும் சுடர் சட்டென்று பச்சையாகும். நிறைய கசிந்தால் நிறம் அடர்ந்துவிடும். அந்த வெப்பத்தில் வாயு உடைந்து, வெளியேறும் குளோரின் செம்போடு சேர்ந்து பச்சை ஒளி தருகிறது. குளோரினே இல்லாத ஆர்-134ஏ வாயுவைக் காட்டினால் சுடர் நிறம் மாறாது. தரையில் எதற்கும் அசையாத மூலக்கூறுக்குள்ளே குளோரின் பத்திரமாக இருக்கிறது என்பதை நம்பாதவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சுடர் செய்யும் வேலையை வானில் சூரியன் செய்கிறது. ஆனால் தரையில் விழும் வெயிலால் அது ஆகாது. சி.எஃப்.சி.யை உடைக்க 200 நானோமீட்டரை ஒட்டிய, வலிமை மிகுந்த புற ஊதாக் கதிர் வேண்டும். அதை ஆக்சிஜனும் ஓசோனும் மேலேயே தடுத்துவிடுகின்றன. எனவே வாயு அந்தக் கவசத்தின் உள்ளேயே ஏறியாக வேண்டும். வெப்பமண்டலக் காற்று, அதாவது நம் தலைக்கு மேலுள்ள காற்றுதான், சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டி, ஓசோன் நிறைந்த மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் மெதுவாக ஏறுகிறது. பிறகு சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டு துருவங்களை நோக்கிச் சென்று இறங்குகிறது. இந்தப் பயணத்தின் உச்சியில் சி.எஃப்.சி. உடைந்து குளோரின் அணு விடுபடுகிறது.

விடுபட்ட குளோரின், மூன்று ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட ஓசோனிலிருந்து ஒன்றைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடு ஆகிறது. மிஞ்சுவது சாதாரண ஆக்சிஜன். பிறகு அந்தக் குளோரின் மோனாக்சைடு, தனியாகத் திரியும் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சந்தித்ததும் தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிட்டு மறுபடியும் வெறும் குளோரின் ஆகிறது. அடுத்த ஓசோனுக்குத் தயார். வினையூக்கி என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதைத்தான்: வேலை முடியும், வேலை செய்தவர் தேய மாட்டார். ஒரு குளோரின் அணு ஓய்வதற்குள் சுமார் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. மேல்வானில் குளோரினைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு ஓசோன் இருந்தும் குறைந்தது இதனால்தான். தீயணைக்கும் ஹாலான் வாயுவிலுள்ள புரோமின், அணுவுக்கு அணு குளோரினைவிட ஏறத்தாழ 60 மடங்கு கொடியது.

அப்படியானால் ஓசோன் முழுவதும் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே? தீராததற்குக் காரணம், சூரிய ஒளி புதிய ஓசோனை ஓயாமல் உண்டாக்குகிறது. கூடவே, குளோரினும் எந்நேரமும் சுதந்திரமாக அலைவதில்லை. மீத்தேனோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாகவும், நைட்ரஜன் டை ஆக்சைடோடு சேர்ந்து குளோரின் நைட்ரேட்டாகவும் பெரும்பகுதி கட்டுண்டு கிடக்கிறது. இந்த இரண்டு வடிவங்களும் ஓசோனைத் தொடுவதில்லை. 1974இன் கணக்குப்படி ஓசோன் இழப்பு மெதுவாக, பல பத்தாண்டுகளில், அதுவும் 40 கிலோமீட்டர் உயரத்தில் அதிகமாக நடக்க வேண்டும். அண்டார்க்டிகாவைப் பற்றி அந்தக் கட்டுரையில் எச்சரிக்கை எதுவும் இல்லை.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

அண்டார்க்டிகாவில் ஹாலி பே என்ற பிரிட்டிஷ் நிலையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து டாப்சன் கருவியால் ஓசோனை அளந்து வந்தார்கள். அந்தக் கருவி, ஓசோன் அதிகம் விழுங்கும் ஒரு புற ஊதா அலைநீளத்தையும் குறைவாக விழுங்கும் இன்னொன்றையும் ஒப்பிட்டு, தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோனைச் சொல்லும். 300 டாப்சன் அலகு என்றால், அந்த ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்கு இறக்கி அழுத்தினால் 3 மில்லிமீட்டர் தடிமன். நம்மைக் காப்பது அவ்வளவுதான். அக்டோபர் மாதத்தில் ஹாலியில் 300ஐ ஒட்டி இருந்த அளவு 1980களின் தொடக்கத்தில் 200க்கு விழுந்தது. ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் கருவியை மாற்றிச் சரிபார்த்த பின்பே 1985 மே மாதம் நேச்சரில் வெளியிட்டார்கள். அண்டார்க்டிகாவிலேயே உள்ள ஜப்பானின் ஷோவா நிலையத்தில் ஷிகெரு சுபாச்சியும் இதே வீழ்ச்சியைக் கண்டு 1984இல் ஒரு மாநாட்டில் சொல்லியிருந்தார். அவர் பெயர் அவ்வளவாகப் பேசப்படாதது எனக்கு வருத்தம். நாசாவின் செயற்கைக்கோளும் அந்தக் குறைந்த எண்களைப் பதிவு செய்திருந்தது. 180க்குக் கீழே போனவை சந்தேகத்துக்குரியவை என்று குறியிடப்பட்டதால் அவற்றைக் கவனிக்கத் தாமதமாகிவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்த ஏற்பாட்டை முந்திக்கொண்டது, பல ஆண்டுகள் அலுக்காமல் ஒரே இடத்தில் எடுத்த அளவீடு. நீண்டகாலப் பதிவேடுகளுக்கு நிதி வெட்டுகிறவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஏன் அங்கே? தென்துருவக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் வராது. கண்டத்தைச் சுற்றி மேல்வானில் ஒரு பெரும் சுழற்காற்று எழுந்து உள்ளிருக்கும் காற்றை வெளியுலகிலிருந்து பிரித்து வைக்கிறது. உள்ளே வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகிறது. வழக்கமாக மேகமே இல்லாத அந்த வறண்ட உயரத்தில், மைனஸ் 78 டிகிரி அளவில், நைட்ரிக் அமிலமும் நீரும் உறைந்த மேகங்கள் உருவாகின்றன. சூரியன் தொடுவானுக்குக் கீழே இருக்கும்போது முத்துச்சிப்பியின் உட்புறம்போல் மின்னும் மேகங்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதாம். இந்த மேகத் துகள்களின் பரப்பில்தான் விஷயம் இருக்கிறது என்று 1986இல் சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி சூசன் சாலமன். அப்போது அவருக்கு 30 வயதுதான். காற்றில் சந்தித்தால் ஒன்றையொன்று சீண்டாத ஹைட்ரஜன் குளோரைடும் குளோரின் நைட்ரேட்டும், பனித்துகளின்மேல் ஒட்டிக்கொண்டால் உடனே வினைபுரிந்து குளோரின் வாயுவை வெளிவிடுகின்றன. கூடவே உண்டாகும் நைட்ரிக் அமிலம் துகளிலேயே தங்கி, துகள் பெருத்ததும் கீழே விழுந்துவிடுகிறது. குளோரினைத் திரும்பக் கட்டிப்போட வேண்டிய நைட்ரஜனும் இப்படிப் போய்விடுகிறது.

செப்டம்பரில் சூரியன் திரும்புகிறது. மெல்லிய ஒளி போதும், குளோரின் வாயு அணுக்களாகப் பிளக்க. அந்த உயரத்தில் தனி ஆக்சிஜன் அணுக்கள் அரிது. ஆனால் குளோரின் மோனாக்சைடு குவிந்து கிடப்பதால் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒளிபட்டுப் பிரிந்து, அணுவின் உதவி இல்லாமலே சுழற்சியை நடத்துகின்றன. சில வாரங்களில் 14 முதல் 20 கிலோமீட்டர் வரையிலான அடுக்கில் ஓசோன் அநேகமாக இல்லாமலே போகிறது. 2000 செப்டம்பரில் மெலிந்த பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல் ஒன்பது மடங்கு. வடதுருவத்தில் மலைகளும் நிலப்பரப்புகளும் எழுப்பும் அலைகள் சுழற்காற்றைக் குலைப்பதால் அவ்வளவு குளிர்வதில்லை. 2011, 2020 போன்ற கடுங்குளிர் ஆண்டுகளில் அங்கும் பெரிய இழப்பு நேர்ந்தது.

இது வேதியியல் அல்ல, சூரியப் புள்ளிகளின் விளைவு என்றும், வெறும் காற்றோட்ட மாற்றம் என்றும் அப்போது வேறு விளக்கங்கள் இருந்தன. தீர்த்துவைத்தது ஒரு விமானம். 1987இல் சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து ஒற்றை விமானி ஓட்டும் இ.ஆர்.-2, குளோரின் மோனாக்சைடை அளக்கும் ஜேம்ஸ் ஆண்டர்சனின் கருவியைச் சுமந்து ஓட்டைக்குள் பறந்தது. செப்டம்பர் 16ஆம் தேதிப் பதிவை வரைபடமாகப் பார்த்தால் இரண்டு கோடுகள்: எல்லையைத் தாண்டியதும் குளோரின் மோனாக்சைடு செங்குத்தாக ஏறுகிறது; அதே இடத்தில் ஓசோன் சரிகிறது. சிறு மேடு பள்ளங்களில்கூட ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது. அதே நாளில்தான், ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் குறைக்க உலக நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒப்பந்தத்தின் கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பாதியளவு குறைப்பு என்றுதான் பேசினார்கள். 1990இல் லண்டனிலும் 1992இல் கோபன்ஹேகனிலும் முழு நிறுத்தம் என்று இறுக்கினார்கள். வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் நிதியும் தந்தார்கள். இந்தியா 1992இல் சேர்ந்தது. மேட்டூரிலும் சி.எஃப்.சி. தயாரித்த காலம் உண்டு. 2010 கெடுவுக்கு முன்பே, 2008 ஆகஸ்டில் நாட்டில் அந்த உற்பத்தி நின்றது. 2012க்குப் பிறகு ஆர்-11 வெளியீடு திடீரெனக் கூடியதை 2018இல் கண்டுபிடித்து, கிழக்குச் சீனாவைச் சுட்டிக்காட்ட முடிந்தது. பிறகு அது குறைந்தது. 2022 மதிப்பீட்டின்படி அண்டார்க்டிகாவின் ஓசோன் 1980 நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும்.

பள்ளிச் சுவரொட்டிகள் பரப்பும் ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னையிலும் வேலூரிலும் வெயில் கொளுத்துவது ஓசோன் ஓட்டையால் அல்ல. 1920களின் இறுதியில் டாப்சன் தன் கருவிகளை உலகின் சில இடங்களுக்கு அனுப்பியபோது ஒன்று கொடைக்கானலுக்கு வந்தது. நம் வானில் ஓசோன் இயல்பாகவே குறைவு, 240க்கும் 290க்கும் இடையில். வெப்பமண்டலத்தில் அது பெரிதாகக் குறையவும் இல்லை.

ஆனால் வெப்பத்தோடு இந்த வாயுக்களுக்கு வேறொரு வழியில் உறவு உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். இளம் வயதில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில், வாயு ஏன் கசிகிறது என்று பார்க்கும் வேலையில் இருந்தவர். 1975இல் நாசாவில் இருந்தபோது, ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு பூமியைச் சூடாக்குவதில் 10,000க்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமம் என்று காட்டினார். ஓசோனைத் தொடாத ஆர்-134ஏ, ஆர்-410ஏ போன்ற மாற்று வாயுக்களிலும் இந்தக் குணம் இருப்பதால்தான் 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் அவற்றையும் குறைக்க முடிவு செய்தார்கள்.

இனி வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால், என் பதில் பழைய ஆர்-22 ஸ்பிளிட் ஏ.சி.யைப் பற்றியது. அதில் இன்னும் குளோரின் இருக்கிறது. ஆர்-12இன் பாதிப்பில் இருபதில் ஒரு பங்கு என்றாலும் இருக்கிறது. வீடு மாறும்போதோ புதிய மெஷின் வாங்கும்போதோ நட்டைத் தளர்த்தி வாயுவை மாடியிலேயே “புஸ்” என்று விட்டுவிடுவது சிலருக்குப் பழக்கம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். “பம்ப் டவுன் செய்து கழற்றுங்கள்” என்று சொல்லுங்கள். மெஷினை ஓடவிட்டு, வெளி யூனிட்டில் ஒல்லிக் குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடுவார்கள். கம்ப்ரசர் உள் யூனிட்டிலும் குழாயிலும் உள்ள வாயுவை இழுத்து வெளி யூனிட்டுக்குள் சேர்க்கும். கேஜில் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மெஷினை நிறுத்துவார்கள். சில நிமிட வேலைதான். பிறகு அந்த வெளி யூனிட்டை அப்படியே காயலான் கடைக்குப் போடக் கூடாது. அங்கே செம்புக்காகக் குழாயை வெட்டிய கணமே சேர்த்துவைத்தது எல்லாம் போய்விடும். வாயுவை சிலிண்டரில் மீட்டெடுக்கும் மெஷின் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரைக் கேட்டு, அங்கே கொடுங்கள்.